மூலைவிட்டத்தில் ஒளியும் பிழை

பூமியின் மேல், மலேசியாவின் பினாங்கிலுள்ள பாயான் பாரு எங்கே இருக்கிறது என்று சொல்ல இரண்டு எண்கள் போதும்: 5.3, 100.3. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 5.3 பாகை, கிரீன்விச்சுக்குக் கிழக்கே 100.3 பாகை. அதே எண்களை இடம் மாற்றி 100.3, 5.3 என்று எழுதிப் பாருங்கள்; பூமியில் அப்படி ஓர் இடமே கிடையாது. அட்சரேகை 90 பாகையில் துருவத்தோடு முடிந்துவிடுகிறது, அதற்கு மேல் வடக்கு என்று எதுவும் இல்லை. ஆகவே பினாங்குக்காரர் ஒருவர் தம் ஊரின் எண்களை மாற்றி எழுதிவிட்டால் எண்களைச் சரிபார்க்கும் எந்த வரைபடச் செயலியும் உடனே மறுத்துவிடும். சென்னைக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. 13.08, 80.27 என்பதைத் திருப்பி எழுதினால் ஸ்வால்பார்டு தீவுகளுக்குச் சற்று வடக்கே ஆர்க்டிக் கடலில் ஒரு புள்ளி கிடைக்கும். செயலி அதை மறுப்பேதும் சொல்லாமல் காட்டும். இது வெறும் வேடிக்கையும் அல்ல. கைப்பேசி வரைபடங்கள் அட்சரேகையை முதலில் எழுதுகின்றன. வரைபடத் தரவுகளைப் பரிமாறப் பரவலாகப் பயன்படும் ஜியோஜேசன் வடிவமோ தீர்க்கரேகையை முதலில் எழுதச் சொல்கிறது, கணிதத்தில் கிடைத்தூரம் முன்னால் வருவதுபோல. இரண்டும் தத்தம் விதிக்குள் சரி. ஒன்றின் எண்களை மற்றொன்றின் விதியால் படிக்கும்போதுதான் வினை. வரிசைச் சோடி என்று பள்ளிப் புத்தகம் சொல்லும் பொருளின் உயிர் எண்களில் இல்லை, எது முதலில் என்ற உடன்பாட்டில் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். அந்த உடன்பாட்டைப் பிடித்துக்கொண்டால், நேர்க்கோட்டு வரைபடம் அளவுகோலும் பென்சிலும் கொண்டு செய்யும் ஓவியப் பயிற்சியாகத் தெரியாது. எந்தச் சோடி மெய், எந்தச் சோடி பொய் என்று தீர்ப்புச் சொல்லும் கருவியாகத் தெரியும்.

இந்த வாதத்துக்குச் சான்று தேடிப் பாயான் பாருவிலிருந்து அதிக தூரம் போக வேண்டாம். பினாங்கு மேம்பாட்டுக் கழகம் 1970களில் எழுப்பத் தொடங்கிய இந்தப் புதுநகருக்கு ஒட்டினாற்போல் இருக்கிறது பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை. 1972இல் மலேசியாவின் முதல் தடையற்ற வாணிப வலயமாக அது தொடங்கியது. முதல் சில ஆண்டுகளிலேயே இன்டெல், ஏஎம்டி, நேஷனல் செமிகண்டக்டர், ஹியூலெட் பேக்கார்ட், ஹிட்டாச்சி, பாஷ் போன்றவை வந்திறங்கின. அன்றிலிருந்து இங்கே பெரும்பாலும் நடப்பது சிலிக்கனில் சுற்றுகளைப் பதிக்கும் வேலையல்ல. வேறெங்கோ பதித்து வந்த தட்டைத் துண்டாக்கி, ஒவ்வொரு துண்டையும் சட்டகத்தில் ஒட்டி, மயிரிழைக் கம்பியால் இணைத்து, உறையிட்டு, சோதித்து அனுப்புவதுதான். அந்தத் தட்டின் பெயர் வேஃபர். பெரியவை 300 மில்லிமீட்டர் விட்டம் கொண்ட வட்டங்கள். அதன்மேல் வரிசை வரிசையாகப் பதிந்திருக்கும் ஒவ்வொரு சதுரத்தையும் டை என்கிறார்கள். பிரித்தெடுத்து உறையிட்ட பிறகு அதுவே நாம் சில்லு என்று அழைப்பது. பிரிப்பதற்கு முன்பே ஒவ்வொரு டையையும் ஊசிமுனைகளால் தொட்டு மின்சாரம் செலுத்திச் சோதித்துவிடுவார்கள். ஒரு காலத்தில் தேறாத டையின்மேல் ஒரு சொட்டு மை வைக்கப்படும். ஒட்டும் இயந்திரம் மை தெரிந்தால் தாண்டிப் போகும். இப்போது மை பெரும்பாலும் போய்விட்டது. அதன் இடத்தில் ஒரு கோப்பு இருக்கிறது. ஒவ்வொரு டைக்கும் எக்ஸ், ஒய் என்று இரண்டு எண்கள், பக்கத்தில் தேறியதா இல்லையா என்ற குறி. வேஃபர் மேப் என்று அதற்குப் பெயர். வைர விளிம்புள்ள வாளால் தட்டை அறுத்து, ஒட்டும் படலத்தின்மேல் டைகள் தனித்தனியாக நிற்கும்போது, எதை எடுப்பது எதை விடுவது என்று இயந்திரம் அறிவது அந்தக் கோப்பைப் படித்துத்தான்.

தட்டின் நடுவை ஆதிப்புள்ளி என்று வைத்துக்கொள்வோம். வலப்புறம் ஐந்தாவது நிரலில் மேல்நோக்கி இரண்டாவது வரிசையில் ஒரு டை தேறியிருக்கிறது: (5, 2). வலப்புறம் இரண்டாவது நிரலில் மேல்நோக்கி ஐந்தாவது வரிசையில் இருப்பது தேறவில்லை: (2, 5). கோப்பை எழுதிய மென்பொருள் நிரலை முதலில் எழுதியது, படிக்கும் மென்பொருள் வரிசையை முதலில் எதிர்பார்க்கிறது என்றால் என்ன ஆகும்? நல்லதை விட்டுவிட்டு, பக்குவமாக அந்தக் கெட்டதை எடுத்து ஒட்டும். பினாங்கின் அட்சரேகை செய்ததுபோல எதுவும் இங்கே மறுப்புச் சொல்லாது. டை சதுரமாக இருந்து, நிரல்களும் வரிசைகளும் ஒரே எண்ணிக்கையில் இருந்தால், எக்ஸையும் ஒய்யையும் மாற்றியபிறகும் வட்டம் அதே வட்டம்தான். எந்தச் சோடியும் தட்டுக்கு வெளியே போய் விழாது. கூட்டுத்தொகையும் காட்டிக்கொடுக்காது. ஒரு தட்டில் 600 டைகள், அவற்றில் 552 தேறியவை என்று கொள்வோம். சோடிகளைத் திருப்பினாலும் கோப்பில் 552 தேறியவைதான் இருக்கும். அறிக்கையில் 92 விழுக்காடு என்றே அச்சாகும். ஆனால் கெட்ட 48 டைகளும் தட்டு முழுக்கச் சிதறிக் கிடந்தால், அவற்றில் ஏறக்குறைய 44 ஒட்டப்பட்டு, கம்பியிடப்பட்டு, உறைக்குள் போயிருக்கும். அதே அளவு நல்லவை படலத்திலேயே கிடக்கும். கடைசிச் சோதனையில் அந்த 44 பிடிபடலாம். அதற்குள் அவற்றின்மேல் செய்த வேலையெல்லாம் வீண்.

இதில் கவனிக்க வேண்டிய டைகள் வேறு சில இருக்கின்றன. (1, 1), (2, 2), (3, 3) என்று கீழிடப்புறத்திலிருந்து மேல்வலப்புறத்துக்குச் சாய்வாகப் போகும் மூலைவிட்டத்தில் இருப்பவை. அவற்றைத் திருப்பினாலும் அவை அவையாகவே இருக்கும். சந்தேகப்பட்ட ஒருவர் தட்டின் நடுவையும் (4, 4)ஐயும் மட்டும் சோதித்துப் பார்த்தால் எல்லாம் சரி என்றே முடிவுக்கு வருவார். அந்த மூலைவிட்டத்துக்குக் கணிதத்தில் ஒரு சமன்பாடு உண்டு: ஒய் = எக்ஸ். இடைநிலைப் பள்ளி மாணவர் முதன்முதலில் வரையும் கோடு. சலிப்பூட்டும் கோடு என்று பலரும் தாண்டிப் போவது. வரிசை மாறினாலும் மாறாத சோடிகள் எவை என்ற கேள்விக்கு முழுமையான விடை அந்தக் கோடு. முழுமையான என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும்: அக்கோட்டில் உள்ள எந்தச் சோடியும் திருப்பினால் மாறாது, அதற்கு வெளியே உள்ள எந்தச் சோடியும் திருப்பினால் மாறாமல் இருக்காது. சமன்பாட்டின் வரைபடம் என்று எதைச் சொல்கிறோமோ அது இதுதான். நிபந்தனையை நிறைவேற்றும் சோடிகள் அனைத்தும், அவை மட்டும். கோடு என்பது அந்தக் கூட்டம் தளத்தின்மேல் எடுக்கும் உருவம். பாடம் நடத்தும்போது உருவம் முதலில் வந்து நிபந்தனை பின்னுக்குப் போய்விடுகிறது. மூன்று புள்ளி குறி, அளவுகோலை வை, கோடு இழு, மதிப்பெண் வாங்கு. கோட்டுக்கு வெளியே ஒரு புள்ளியைக் காட்டி, இந்தச் சோடி சமன்பாட்டை ஏற்கிறதா என்று கேட்டால் நன்றாகக் கோடு போட்ட பிள்ளையும் திகைக்கக் காரணம் இதுவே.

இயந்திரம் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் பிள்ளைகளை ஏன் வதைக்க வேண்டும் என்ற எதிர்ப்பு இங்கே எழும். நியாயமான எதிர்ப்புதான். ஒட்டும் இயந்திரத்தின் முன் நிற்கும் ஆப்பரேட்டர் யாரும் வரைபடத்தாளில் புள்ளி குறிப்பதில்லை. விரிதாள் மென்பொருள் ஒரு நொடியில் ஆயிரம் புள்ளிகளைப் போட்டுவிடும். வேஃபரின் விளிம்பில் திசை காட்ட ஒரு சிறு வெட்டு இருக்கிறது. கேமரா அதைப் பார்த்துத் தட்டை நேராக வைக்கிறது. தட்டின் மேல் குறிப்பு டை என்று ஒன்றை வைத்து, அது கோப்பில் சொன்ன இடத்தில் இருக்கிறதா என்று இயந்திரம் சரிபார்த்துக்கொள்கிறது. அப்படியானால் பிழைக்கு எங்கே இடம்? விடை அந்தக் குறிப்பு டையிலேயே இருக்கிறது. அதை எங்கே வைப்பது என்று தீர்மானிப்பது இயந்திரம் அல்ல. ஒரு சதுரக் கட்டத்தைத் திருப்பியும் கவிழ்த்தும் எட்டு விதமாக வைக்கலாம்: நான்கு சுழற்சிகள், நான்கு கண்ணாடிப் பிம்பங்கள். எக்ஸையும் ஒய்யையும் மாற்றுவது அவற்றில் ஒன்று மட்டுமே. ஒய் அச்சு மேல்நோக்கி ஏறுகிறதா, கணினித் திரையில்போல மேலிருந்து கீழே இறங்குகிறதா என்பது இன்னொன்று. குறிப்பு டையை மூலைவிட்டத்தில் வைத்தால் எக்ஸ்-ஒய் மாற்றத்தை அது கண்டுகொள்ளாது. கிடை அச்சின்மேல் வைத்தால் தட்டு தலைகீழாகக் கவிழ்ந்ததைக் கண்டுகொள்ளாது. இரண்டு அச்சுகளுக்கும் இரண்டு மூலைவிட்டங்களுக்கும் வெளியே வைத்தால் மட்டுமே எட்டு நிலைகளும் எட்டு வெவ்வேறு இடங்களாகத் தெரியும். (5, 2) அப்படிப்பட்ட இடம்: (2, 5), (−2, 5), (−5, 2), (−5, −2), (−2, −5), (2, −5), (5, −2) என்று அதன் ஏழு வேடங்களும் வேறு வேறு. (5, 5)க்கோ மூன்று வேடங்கள்தான் தேறும். இயந்திரம் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறது என்றால், எதைப் பார்க்க வேண்டும் என்று அதற்குச் சொல்லிவைத்த ஒருவருக்குச் சோடியும் கோடும் தெரிந்திருந்தது என்று பொருள். இன்னொன்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தட்டில் கெட்டுப்போகும் டைகள் பல சமயம் விளிம்பை ஒட்டி வளையமாக அமையும். வளையம் எந்தத் திருப்பலுக்கும் மாறாத உருவம். கண்ணால் பார்த்துச் சரி என்று சொல்லத் தூண்டும் படம் அது.

எது முதலில் என்ற இவ்வளவு அடிப்படையான செய்தியைக் கணித அறிஞர்களே தாமதமாகத்தான் முறைப்படுத்தினார்கள். ரெனே தெகார்த் தம் வடிவியல் நூலை வெளியிட்டது 1637இல். ஏறத்தாழ அதே காலத்தில் பியெர் ஃபெர்மாவும் சமன்பாடுகளைக் கோடுகளாகப் பார்க்கும் வழியைத் தனியாகக் கண்டிருந்தார். கூரையில் ஊர்ந்த ஈயைப் பார்த்துத் தெகார்த்துக்கு யோசனை வந்தது என்ற கதை வகுப்பறைக்கு நன்றாக இருக்கும், ஆதாரம்தான் இல்லை. அவர் நூலில் நாம் இன்று வரையும் இரண்டு செங்குத்து அச்சுகளும் நான்கு கால்பகுதிகளும் கிடையாது. குறை எண்களை அவர் தூரமாகக் கொள்ளவில்லை. கடனையும் சொத்தையும் வைத்துக் குறை எண்களுக்குக் கூட்டல், பெருக்கல் விதிகளை 628இலேயே பிரம்மகுப்தர் எழுதிவிட்டார் என்பதை நினைத்தால், ஆதிப்புள்ளியின் இடப்புறம் ஐரோப்பாவில் நிரம்ப எத்தனை காலம் பிடித்தது என்று வியப்பாக இருக்கிறது. சோடியின் வரிசை இன்னும் பின்னால் வந்தது. சோடியையும் கணங்களிலிருந்தே கட்ட முயன்றபோது ஒரு சிக்கல் எழுந்தது: கணத்துக்குள் உறுப்புகளுக்கு வரிசை கிடையாது. 5, 2 என்ற கணமும் 2, 5 என்ற கணமும் ஒன்றே. வரிசையே இல்லாத பொருள்களிலிருந்து வரிசையை எப்படிக் கட்டுவது? போலந்துக்காரர் காசிமியெஷ் குராட்டோவ்ஸ்கி 1921இல் தந்த விடை சுருக்கமானது. ஒரு கணத்துக்குள் இரண்டு கணங்களை வையுங்கள்: ஒன்றில் 5 மட்டும், மற்றொன்றில் 5உம் 2உம். இரண்டிலும் இருப்பது எதுவோ அது முதலாவது. மேலே, கீழே, இடம், வலம் என்ற எந்தப் படமும் இதற்குத் தேவைப்படவில்லை. முதல் எண் கிடையாகவும் இரண்டாவது எண் மேலாகவும் போவது பிற்பாடு சேர்த்த வழக்கம் மட்டுமே.

படத்தை விட்டு நிபந்தனைக்கு வருவோம். பாகை செல்சியஸ் முதலிலும் பாகை ஃபாரன்ஹீட் இரண்டாவதிலும் எழுதுவது என்று உடன்படுவோம். நீர் உறையும் நிலை (0, 32), கொதிக்கும் நிலை (100, 212). எக்ஸ் 100 ஏறும்போது ஒய் 180 ஏறுகிறது, ஒன்றுக்கு 1.8. இதுதான் சாய்வு. எக்ஸ் சுழியாக இருக்கும்போது ஒய் 32, அது வெட்டுத்துண்டு. ஒய் = 1.8 எக்ஸ் + 32 என்ற ஒரே வரியில், மனிதர் யாரும் அளந்திராத வெப்பநிலைகளும் அடங்கிவிட்டன. உடல் வெப்பம் (37, 98.6) அந்த வரிக்கு மெய்யான சோடி. திருப்பிய (98.6, 37) பொய்யான சோடி, 37 பாகை ஃபாரன்ஹீட் என்பது உறைநிலைக்குச் சற்று மேலே, குளிர்பதனப் பெட்டியின் குளிர். அப்படியானால் திருப்பினாலும் மாறாத சோடியைத் தரும் வெப்பநிலை ஏதாவது உண்டா? அது ஒய் = எக்ஸ் கோட்டில் இருந்தாக வேண்டும் என்று முன்பே தெரியும். இரண்டு கோடுகளும் சந்திக்கும் இடத்தைத் தேடினால் போதும்: எக்ஸ் = 1.8 எக்ஸ் + 32 என்றால் எக்ஸ் = −40. குறை நாற்பதில் இரண்டு அளவுகளும் ஒன்று. இரண்டு கோடுகளின் வெட்டுப்புள்ளி என்று தேர்வுக்காகக் கணக்கிடுவது, இரண்டு நிபந்தனைகளையும் ஒரே நேரத்தில் ஏற்கும் சோடி எது என்ற கேள்விதான்.

இரண்டு புள்ளிகளே ஒரு கோட்டைத் தீர்மானித்துவிடும்போது ஆசிரியர்கள் மூன்றாவது புள்ளியை ஏன் கேட்கிறார்கள் என்று பிள்ளைகள் முணுமுணுப்பதுண்டு. பாயான் லெப்பாஸில் 1972இல் வந்த ஹியூலெட் பேக்கார்டின் அளவீட்டுக் கருவித் தொழில் 1999இல் ஆஜிலென்ட் ஆகி, 2014இல் கீசைட் ஆகி, இன்றும் அங்கேயே நடக்கிறது. அளவீட்டுத் தொழிலின் அன்றாடம் இந்தக் கேள்விதான். ஒரு கருவிக்குத் தெரிந்த இரண்டு மின்னழுத்தங்களைக் கொடுத்து அது என்ன காட்டுகிறது என்று குறித்துக்கொள்வார்கள். உண்மை எக்ஸ், காட்டியது ஒய். இரண்டு சோடிகள், ஒரு கோடு. சாய்வு ஒன்றாக இல்லாவிட்டால் கருவி எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் பெருக்கிச் சொல்கிறது. வெட்டுத்துண்டு சுழியாக இல்லாவிட்டால் எல்லாவற்றோடும் ஒரே அளவைக் கூட்டிச் சொல்கிறது. இரண்டு குற்றங்களுக்கும் இரண்டு வேறு மருந்துகள். கோடு போடாமல் எது எந்தக் குற்றம் என்று பிரிக்க முடியாது. ஆனால் இரண்டு புள்ளிகள் எந்தக் கருவிக்கும் ஒரு கோட்டைத் தந்துவிடும், வளைந்து வளைந்து பொய் சொல்லும் கருவிக்கும்கூட. மூன்றாவது புள்ளிதான் சாட்சி. அது கோட்டில் விழுந்தால் நேர்மை என்பதற்கு ஓர் ஆதாரம். விழாவிட்டால் கை தவறியது அல்லது கருவி நேர்க்கோட்டில் நடக்கவில்லை. வரைபடத்தாளில் பிள்ளை மூன்றாவதாகக் குறிக்கும் புள்ளிக்கும் வேலை இதுவே.

உலகம் நேர்க்கோட்டில் நடப்பதில்லையே என்ற எதிர்ப்பு இதைவிடக் கனமானது. அதற்கு இரண்டு பதில்கள் உண்டு. முதல் பதில் மின்கட்டணச் சீட்டில் இருக்கிறது. 2014 ஜனவரியிலிருந்து 2025 ஜூலையில் புதிய கட்டண முறை வரும்வரை, தீபகற்ப மலேசியாவில் வீட்டு மின்சாரத்துக்குத் தெனாகா நேஷனல் மின்நிறுவனம் வாங்கிய அடிப்படைக் கட்டணம் படிகளாக இருந்தது: முதல் 200 யூனிட்டுக்கு யூனிட் ஒன்றுக்கு 21.8 சென், அடுத்த 100க்கு 33.4 சென், அதற்கடுத்த 300க்கு 51.6 சென், மேலே இன்னும் இரண்டு படிகள். வரியையும் கூடுதல் கட்டணங்களையும் விட்டுவிடுவோம். யூனிட் முதலில், ரிங்கிட் இரண்டாவது என்று சோடி எழுதினால் (0, 0), (200, 43.60), (300, 77.00), (600, 231.80). இவற்றை இணைத்தால் ஒரே கோடு வராது, முழங்கால்போல் மடங்கி மடங்கி ஏறும் துண்டுகள் வரும். ஒவ்வொரு துண்டும் நேர்க்கோடு. 300 யூனிட்டைத் தாண்டிவிட்டால் எல்லா யூனிட்டுக்கும் ஏறிய விலை போடுவார்கள் என்று பல வீடுகளில் ஒரு பயம் இருந்தது. அந்தப் பயம் உண்மையானால் வரைபடம் 300இல் செங்குத்தாகத் தாவ வேண்டும். அது தாவவில்லை, மடங்குகிறது. 301ஆவது யூனிட் தன் 51.6 சென்னை மட்டும் கொண்டுவருகிறது; முன்னதாகக் கடந்த 300 யூனிட்டின் கணக்கு 77 ரிங்கிட்டோடு முடிந்துவிட்டது. தாவுவதற்கும் மடங்குவதற்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லில் விளக்கப் பத்து வாக்கியம் பிடிக்கும். வரைபடம் ஒரு பார்வையில் காட்டிவிடும்.

அதே சீட்டு நேர்க்கோட்டின் அபாயத்தையும் காட்டுகிறது. 300க்கும் 600க்கும் இடைப்பட்ட துண்டின் சமன்பாடு ஒய் = 0.516 எக்ஸ் − 77.80. எக்ஸ் 600 என்று போட்டுப் பார்த்தால் 231.80 சரியாக வரும். எக்ஸ் சுழி என்று போட்டால்? குறை 77 ரிங்கிட் 80 சென். விளக்கே போடாமல் இருந்தால் மின்வாரியம் நம் கையில் பணம் தரும் என்றாகிறது. சமன்பாட்டில் தவறில்லை, அது 300க்குக் கீழே எதையும் சொல்வதாக ஒப்புக்கொள்ளவில்லை. கோட்டைத் தாளின் விளிம்புவரை இழுத்த அளவுகோல்தான் சொல்லாததைச் சொல்ல வைத்தது. பள்ளியில் வெட்டுத்துண்டைக் கணக்கிடச் சொல்லும் அளவுக்கு, அது பொருளுள்ள இடத்தில் விழுகிறதா என்று கேட்கச் சொல்வதில்லை. பாடத்திட்டத்தின் குறை என்றே இதைச் சொல்வேன். நேர்க்கோட்டுச் சமன்பாட்டோடு அதன் எல்லையையும் சேர்த்து எழுதாவிட்டால் அது பாதிச் சமன்பாடு.

இரண்டாவது பதில் விசித்திரமானது: வளைந்ததை நேராக்கிப் பார்க்கலாம். 1965 ஏப்ரலில், ஃபேர்சைல்ட் செமிகண்டக்டரில் வேலை பார்த்துக்கொண்டிருந்த கார்டன் மூர் எலக்ட்ரானிக்ஸ் என்ற இதழில் ஒரு சிறு கட்டுரை எழுதினார். ஒரு சில்லில் அடங்கும் உறுப்புகளின் எண்ணிக்கை ஏறத்தாழ ஆண்டுதோறும் இரட்டிப்பதை அவர் கவனித்திருந்தார். 1, 2, 4, 8, 16 என்று போகும் எண்களைச் சாதாரணத் தாளில் போட்டால் வளைவு செங்குத்தாக ஏறித் தாளை விட்டே போய்விடும். மூர் எண்ணிக்கையைக் குறிக்கவில்லை. எத்தனை முறை இரட்டித்தது என்பதைக் குறித்தார். 1959இல் ஒன்று, அதாவது இரட்டிப்பு சுழி. 1965இல் சுமார் 60, அதாவது ஏறக்குறைய ஆறு இரட்டிப்பு. சோடிகள் (1959, 0), (1965, 6). கைவிரலில் எண்ணிவிடக்கூடிய புள்ளிகள்தான். அவை ஏறத்தாழ ஒரு நேர்க்கோட்டில் விழுந்தன. சமன்பாடு நம் கண்முன் இருக்கிறது: ஒய் = எக்ஸ் − 1959. சாய்வு ஒன்று, ஆண்டுக்கு ஓர் இரட்டிப்பு. அந்தக் கோட்டை அவர் 1975வரை நீட்டினார். அங்கே ஒய் 16; 2ஐப் பதினாறு முறை பெருக்கினால் 65,536. ஒரே சில்லில் 65,000 உறுப்புகள் வரும் என்று கட்டுரை சொன்னது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1968இல், ராபர்ட் நாய்ஸும் அவரும் சேர்ந்து இன்டெலைத் தொடங்கினார்கள்; 1972இல் அந்த இன்டெல் தன் முதல் வெளிநாட்டுத் தொழிற்சாலையை நிறுவிய இடம் பாயான் லெப்பாஸ்.

ஆறு ஆண்டுப் புள்ளிகளை வைத்துப் பத்து ஆண்டு முன்னே நீட்டியது, விளக்கே போடாமல் 77.80 ரிங்கிட் கேட்பதற்குச் சமமான குற்றம் அல்லவா என்று கேட்கலாம். வேறுபாடு இருக்கிறது. கட்டணக் கோட்டின் எல்லை சீட்டிலேயே அச்சாகியிருந்தது. மூரின் கோட்டுக்கு எல்லை எங்கே என்று அன்று தெரியாது. எல்லை தெரியாதபோது கோட்டை நீட்டுவது பொய் சொல்வதாகாது. பிற்பாடு பொய்யாக்கக்கூடிய ஒரு கூற்றை முன்வைப்பதாகும், அதைக் கோட்டைப்போலத் தெளிவாக வேறு எதுவும் முன்வைப்பதில்லை. மூரே 1975இல் அதைத் திருத்தினார். அந்தப் பத்தாண்டின் முடிவுக்குள் இரட்டிப்பு ஆண்டுக்கு ஒருமுறையிலிருந்து இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாகக் குறையும் என்றார்; சாய்வு ஒன்றிலிருந்து பாதியாகும். பழைய கோட்டின்படி 1985இல் ஒய் 26 ஆகியிருக்க வேண்டும், அதாவது ஆறரைக் கோடிக்கு மேற்பட்ட உறுப்புகள். 1975இலிருந்தே பாதிச் சாய்வை வைத்தால் 21, இருபது லட்சத்துக்குச் சற்று மேல். 1985இல் இன்டெல் வெளியிட்ட 386 செயலியில் இருந்தவை 2,75,000 டிரான்சிஸ்டர்கள். சோடி (1985, 18). அது இரண்டு கோடுகளுக்கும் கீழே விழுகிறது. ஆனால் மூர் வரைந்தது மிக அடர்த்தியான சில்லுகளுக்கு, அவை அக்காலத்தில் செயலிகள் அல்ல, நினைவகங்கள். 1980களின் நடுவில் சந்தைக்கு வந்த ஒரு மெகாபிட் நினைவகத்தில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட டிரான்சிஸ்டர்கள். ஒய் 20ஐத் தாண்டிவிட்டது. முதல் கோட்டிலிருந்து அது வெகுதூரம் விலகியிருக்கிறது, இரண்டாவது கோட்டுக்கு ஏறத்தாழ ஓர் இரட்டிப்பு மட்டுமே கீழே.